எல்லைப்புறத்து ஓவியர்கள் – 6: தூசி அடங்குமுன்

சென்ற வாரம் தாமஸ் டேனியலையும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமையும் கல்கத்தாவில் பணமுடையோடு விட்டுவிட்டு வந்தோம். கங்கையில் படகேறி, கார்வால் மலைநாட்டு ஸ்ரீநகர்வரை போய், மூன்று ஆண்டு அலைந்து திரும்பியிருந்தார்கள். கை நிறையப் படம் இருந்தது, காசு இல்லை. பெரியவர் ஒரு வழி கண்டார். படங்களைக் குலுக்கலில் விட்டார். சீட்டு விழுந்தவருக்குப் படம். சீட்டு விற்ற பணம் தெற்கே போக வழிச்செலவு. 1792 மார்ச் 10ஆம் தேதி இருவரும் சென்னைப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார்கள்.

கப்பல் வந்துகொண்டிருக்கட்டும். கரை சேர இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. அதற்குள் நாம் ரஞ்சன்குடிக்கு ஒரு நடை போய்வந்துவிடலாம்.

* * *

கில்லேதாரின் மனசு

பெரம்பலூரிலிருந்து சென்னைச் சாலையில் வடக்கே 17 கிலோமீட்டர். வாலிகண்டபுரத்தைத் தாண்டியதும் ஒரு பாறைக்குன்றும் அதை வளைத்துக் கட்டிய மதிலும் தெரியும். திருச்சிக்கும் சென்னைக்கும் இடையே பேருந்தில் போகிற பலரும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன கோட்டை இது?" என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டிருப்பார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு.

இறங்கினால் அகழி. அதைக் கடந்தால் அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் கொத்தளங்கள். பாறைமேல் அடுக்கடுக்காக ஏறிப்போகும் மூன்று சுற்று மதில்கள். கல்லை மூலைமட்டம் பார்த்துச் செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள். மேலே ஏறி நின்றால் ஒரு விஷயம் சட்டென்று விளங்கிவிடும்: திருச்சிக்குப் போகும் சாலை முழுக்க இந்தக் குன்றின் கண்ணுக்குக் கீழே கிடக்கிறது. இன்று லாரிகள் போகிற பாதையில் அன்று பீரங்கி வண்டிகள் போயின.

1751ஆம் ஆண்டின் நடுவில் இங்கே இரண்டு படைகள் வந்து எதிரெதிரே கூடாரம் அடித்தன. ஒரு பக்கம் ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய சந்தா சாகிபு, அவருக்குத் துணையாகத் தோத்தேய் என்ற தளபதியின் கீழ் பிரெஞ்சுக்காரர்கள். மறுபக்கம் அதே பட்டத்துக்குப் போட்டியிட்ட முகமது அலியின் ஆட்கள், அவர்களோடு கேப்டன் ஜின்ஜென்ஸ் தலைமையில் கிழக்கிந்தியக் கும்பினியார். ஆங்கிலேயர் ஏடுகளில் இந்த இடத்தின் பெயர் 'வால்கொண்டா'. வாலிகண்டபுரம் அவர்கள் வாயில் பட்ட பாடு அது.

இரண்டு தரப்பும் கோட்டையின் கில்லேதாருக்கு, அதாவது கோட்டைக் காவல் தலைவருக்கு, தூது விட்டன. அவர் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. யார் கை ஓங்கும் என்று பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தினார். ஏறத்தாழ இரண்டு வாரம் பேச்சிலேயே போனது. பொறுமை இழந்த ஜின்ஜென்ஸ் ஓர் இரவில் கோட்டையின் அடிவாரப் பேட்டைமேல் பாய்ந்தார். பேட்டைக்குள் புக முடிந்தது. பாறைமேல் இருந்த கல்மதிலின் முன்னால் ஒன்றும் பலிக்கவில்லை.

அந்த ஓர் இரவுதான் கில்லேதாரின் மனசைத் தீர்மானித்தது. அவர் பிரெஞ்சுக்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அடுத்து நடந்த சண்டையில் கும்பினியின் வெள்ளைச் சிப்பாய்களே முதலில் குலைந்து ஓடினார்கள். முகமது அலியின் சகோதரர் அப்துல் வகாப் கான் குதிரையில் வந்து அவர்களை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டும் பயனில்லை. ஊட்டத்தூர் வழியாகப் பின்வாங்கித் திருச்சிக்குள் போய் அடைந்தார்கள். திருச்சி முற்றுகை, அதைத் தளர்த்த ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டின்மேல் பாய்ந்தது எல்லாம் இதன் தொடர்ச்சி. மறு ஆண்டு அதே வால்கொண்டாவில் தோத்தேய் கிளைவிடம் சரணடைந்தார்.

ஓவியர் கதையில் இந்தச் சண்டை எதற்கு? காரணம் இருக்கிறது. எல்லைப்புறம் என்றால் வரைபடத்தில் இழுத்த கோடு என்று நினைத்துக்கொள்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் அப்படி ஒரு கோடு கிடையாது. ஒரு பாறை, அதன்மேல் ஒரு மதில், அதற்குள் ஒரு கில்லேதார், அவர் இன்றைக்கு யார் பக்கம் என்ற கேள்வி. இவ்வளவுதான் எல்லை. அது மாதத்துக்கு மாதம் நகர்ந்தது. அப்படிப்பட்ட நாட்டில் எவன் போய்ப் பலகையை விரித்து உட்கார்ந்து மரத்தையும் மலையையும் எழுதுவான்?

* * *

கோட்டைக்குள் சிக்கியவர்

ஒருவர் முயன்று பார்த்தார். பெயர் வில்லியம் ஹாட்ஜஸ். கேப்டன் குக்கின் இரண்டாவது கடற்பயணத்தில் கூடவே போய்த் தென்கடல் தீவுகளை எழுதியவர். அபாயத்துக்குப் புதியவர் இல்லை. 1780இல் சென்னைப்பட்டினத்தில் வந்து இறங்கினார். அந்த ஆண்டு ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படை கணவாய்களைத் தாண்டிக் கர்நாடகச் சமவெளியில் இறங்கிவிட்டது. ஊருக்கு வெளியே கால் வைக்க முடியவில்லை. ஹாட்ஜஸ் சென்னையிலேயே மாதக்கணக்கில் முடங்கினார். 1781 தொடக்கத்தில் வங்காளத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். தென்னாட்டின் மலைக்கோட்டைகள் அவர் தூரிகைக்கு எட்டாமலே போயின.

இந்தப் பாடம் டேனியல்களுக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை. வடநாட்டுப் பயணத்தில் அவர்கள் ஹாட்ஜஸ் வரைந்த இடங்களுக்கே போய், அவர் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறை கண்டுபிடித்தவர்கள். தொழில் போட்டி எப்போதும் இப்படித்தான். அவரால் போக முடியாத இடத்துக்குத் தாங்கள் போய்விட்டால்?

இப்போது தேதிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் முற்றுகையிட்டு, ஹைதரின் மகன் திப்பு சுல்தான் முதற்கட்ட நிபந்தனைகளுக்கு இறங்கி வந்தது 1792 பிப்ரவரி இறுதியில். உடன்படிக்கை முறைப்படி முடிந்தது மார்ச் 18ஆம் தேதி. டேனியல்கள் கல்கத்தாவில் கப்பல் ஏறியது மார்ச் 10. ஒப்பந்தத்தில் மை படவே இன்னும் எட்டு நாள் இருந்தது. குலுக்கலில் வந்த பணம் முழுவதையும் மடியில் கட்டிக்கொண்டு, போர் முடிந்ததா என்று முழுசாகத் தெரியாத நாட்டுக்கு இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

துணிச்சல் என்பதா, பிழைப்பு என்பதா? இரண்டும் என்றுதான் தோன்றுகிறது. மைசூர்ப் போர் இங்கிலாந்தில் அப்போது வீட்டுக்கு வீடு பேச்சு. அந்த மலைகளின் படம் யார் கையில் முதலில் இருக்கிறதோ அவர் பக்கம் காசு. போரோடு போன ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். ஆலன், கோல்புரூக் போன்ற படை அதிகாரிகளும் ஆளுக்கொரு நோட்டில் கோட்டைகளைக் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூவர் புத்தகங்களும் இரண்டாண்டுக்குள் லண்டன் கடைக்கு வந்துவிட்டன. தாமஸ் டேனியல் சின்ன வயதில் கோச்சு வண்டிகளுக்குச் சாயம் அடித்து, கதவில் பிரபுக்களின் குடும்பச் சின்னம் எழுதியவர். வாடிக்கையாளர் எதை விரும்புவார் என்பது அந்தத் தொழிலில் படிந்த அறிவு.

மார்ச் 29ஆம் தேதி சென்னையில் கால் வைத்தார்கள். பதினோரே நாள். ஏப்ரல் 9ஆம் தேதி மேற்கே கிளம்பிவிட்டார்கள்.

* * *

கறுப்புத் துணிக்குள் ஒரு மலை

பெரியவருக்கு வயது 43 நெருங்கியது. சின்னவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று. பதினைந்து பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்த பையன் இப்போது தினமும் நாட்குறிப்பு எழுதுகிற ஆளாகியிருந்தான். இன்று இந்தப் பயணத்தை நாள்வாரியாகத் தொடர முடிகிறதென்றால் அந்த நாட்குறிப்பால்தான்.

இருவர் பயணம் என்கிறோமே தவிர, சாலையில் அது ஒரு சிறு ஊர்வலம். இரண்டு பல்லக்கு, அவற்றை மாற்றி மாற்றித் தூக்க ஆட்கள், குதிரைகள், குதிரைக்காரர்கள், கூடாரச் சாமான் சுமக்கும் மாடுகள், சமையற்காரர், வரைபலகையையும் பெட்டிகளையும் தலையில் சுமந்துவரும் கூலிகள். ஏறத்தாழ ஐம்பது பேர். போன வழி கும்பினிப் படை போன வழி. சக்கரம் பட்ட தடம் இன்னும் அழிந்திருக்காது.

சித்திரை வெயில். வேலூர் தாண்டி பாராமகாலுக்குள், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம், அந்த மாதத்தில் நடந்தவர்களுக்குப் பாறை எப்படி அனல் கக்கும் என்பது தெரியும். அதற்குள் இவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அவர்களிடம் ஒரு இருட்டுப் பெட்டி இருந்தது. கேமரா அப்ஸ்கியூரா என்பார்கள். இன்றைய கேமராவுக்குப் பாட்டன், ஆனால் படம் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத பாட்டன். ஒரு லென்சு வழியே வெளிச்சம் உள்ளே வரும். சாய்த்து வைத்த கண்ணாடி அதைத் திருப்பித் தாளின்மேல் விழச்செய்யும். எதிரிலுள்ள மலை, மதில், மரம் அத்தனையும் உள்ளங்கை அகலத்தில் தாளில் வந்து நடுங்கிக்கொண்டு நிற்கும். வெளி வெளிச்சம் பட்டால் மறைந்துவிடும். ஆகவே தலையையும் பெட்டியையும் சேர்த்துக் கறுப்புத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே வியர்வை சொட்ட, அது தாளில் விழாமல், பென்சிலால் விளிம்பை மட்டும் இழுத்துக்கொள்ள வேண்டும்.

விளிம்பு கிடைத்தபின் துணியை விலக்கி, நிழல்களைச் சாம்பல் நிறத்தில் மெல்லப் பூசுவார்கள். வண்ணம் அப்புறம். எண்ணெய் ஓவியமும் செப்புத்தகட்டு அச்சும் அதற்கும் வெகு அப்புறம்; அதெல்லாம் வேறு ஊரில், வேறு குளிரில்.

இந்தப் பெட்டியால் ஒரு நன்மை வந்தது. ஹாட்ஜஸ் மனசுக்குப் பிடித்தபடி மலையை உயர்த்துவார், தாழ்த்துவார். டேனியல்களின் மலைக்கு அளவு உண்டு. இன்றைக்கும் ராயக்கோட்டைக்குப் போகிறவர் அவர்கள் அங்கே எழுதிய படத்தை எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

* * *

உருண்டு வந்த கற்கள்

கிருஷ்ணகிரியின் கதையைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது.

டேனியல்கள் வருவதற்கு ஆறு மாதம் முன்பு, 1791 நவம்பரில், கர்னல் மேக்ஸ்வெல் தலைமையில் கும்பினிப் படை அந்தக் கோட்டையைத் தாக்கியது. பேட்டை விழுந்தது. பேட்டையிலிருந்து ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு அவர்களோடு சேர்ந்தே மேல்கோட்டைக்குள் நுழைந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். கதவு ஒரு கணம் முன்னால் சாத்தப்பட்டது. அப்புறம் மேலேயிருந்து கற்கள் உருண்டன. பீரங்கியோ வெடியோ வேண்டியிருக்கவில்லை, வெறும் பாறைக்கல். ஏணிகள் முறிந்தன, ஏறியவர்கள் நசுங்கினார்கள். மேக்ஸ்வெல் திரும்பிப் போனார்.

நாற்பது ஆண்டுக்கு முன் வால்கொண்டாவில் ஜின்ஜென்ஸ் கற்ற பாடமும் இதுதானே? பேட்டையைப் பிடிக்கலாம். பாறை வேறு. ரஞ்சன்குடியில் ஏறியவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டாம். கீழ்மதிலுக்கும் மேல்மதிலுக்கும் இடையே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

சண்டையில் விழாத கிருஷ்ணகிரி உடன்படிக்கையில் கைமாறியது. திப்பு தன் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். இரண்டு மகன்கள் பிணை. பாராமகாலும் திண்டுக்கல்லும் கும்பினி வசம் வந்தன. அதே 1792இல் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் பாராமகாலின் நிர்வாகியாக வந்து இறங்கினார். உதவிக்குத் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னராகி, தீவுத்திடலுக்கருகே குதிரைமேல் சேணமில்லாமல் சிலையாக உட்கார்ந்திருக்கும் அதே மன்றோதான்.

ஒரே ஆண்டு, ஒரே நாடு. ஒரு கூட்டம் வயலை அளந்து குடியானவன் தலைக்கு இவ்வளவு தீர்வை என்று கணக்கெழுதியது. பின்னால் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறையின் விதை அங்கேதான் விழுந்தது. இன்னொரு கூட்டம் மலையைப் பெட்டிக்குள் பிடித்தது. புதிதாக வாங்கிய வீட்டை ஒருவன் அளக்க, மற்றவன் வாசலில் நின்று அழகு பார்க்கிற மாதிரி.

ராயக்கோட்டை, ஜெகதேவி, வீரபத்திர துர்க்கம், ஓசூர் என்று இருவரும் ஒவ்வொன்றாக முடித்தார்கள். இந்த நான்கும் பின்னால் 'ஓரியண்டல் சீனரி' என்ற அவர்களுடைய பெரும் தொகுப்பில் இடம்பிடித்தன. 144 தகடுகள், 1795 முதல் 1808 வரை வந்தவை.

* * *

பெயருள்ள பாறை, பெயரில்லாத ஆள்

அந்தப் படங்களைப் பார்க்கிறபோது முதலில் வாயடைத்துப் போகிறது. பாறையின் மடிப்பில் விழும் மாலை நிழல், அடிவாரத்துப் புல்லின் மஞ்சள், எல்லாம் நம் கண் அறிந்தவை. இரண்டாம் முறை பார்க்கும்போது வேறொன்று உறுத்துகிறது.

போர் எங்கே?

இரண்டாண்டு இந்த நாட்டின்மேல் நான்கு படைகள் நடந்திருக்கின்றன. கும்பினி, மராட்டியர், நிஜாம், திப்பு. தீவனம் வேண்டும், தானியம் வேண்டும், மாடு வேண்டும். இவ்வளவும் எந்த ஊரிலிருந்து போனது? படத்தில் அதற்குத் தடயம் இல்லை. மலை அமைதியாக நிற்கிறது, அடியில் நாலைந்து பேர் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கோ போகிறார்கள். மலை எவ்வளவு பெரிது என்று காட்டத்தான் அவர்கள்.

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்த ஜார்ஜ் கேட்லினை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1832இல் மிசௌரி ஆற்றில் நீராவிப் படகேறி மேற்கே போனவர். அங்கும் எல்லைப்புறம்தான், அங்கும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது ஓர் அரசு. ஆனால் கேட்லின் மலையை விட்டு முகத்தைப் பிடித்தார். மாண்டன் குடியின் தலைவர் மாட்டோட்டோபா, 'நான்கு கரடி' என்று பொருள், கேட்லின் முன்னால் நின்று படமானார், பெயரோடு நிற்கிறார். அவருடைய மக்களில் பெரும்பாலோரை 1837இல் பெரியம்மை கொண்டுபோனது. படம் மிஞ்சியது.

டேனியல்களிடம் பாறைக்குப் பெயர் இருக்கிறது, ஆளுக்கு இல்லை. ஜெகதேவி என்று ஒன்றுக்கு இரண்டு தடவை எழுத்துக்கூட்டி எழுதியவர்கள், அந்த மலையடிவாரம் வரை தங்களைத் தோளில் சுமந்துவந்த பல்லக்குக்காரர் ஒருவர் பெயரைக்கூடப் படத்தலைப்பில் ஏற்றவில்லை. அக்காலத்து நிலக்காட்சி ஓவியத்தின் வழக்கம் அது என்று சொல்லித் தப்பிக்கலாம். வழக்கந்தான். இருந்தாலும் கேட்லினைப் பார்த்தபின் இந்தப் படங்களின் அமைதி கொஞ்சம் கனக்கவே செய்கிறது.

ஒரு விந்தையையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1840இல் கேட்லின் தம் 'இந்தியர்' ஓவியங்களை லண்டன் பிக்காடிலியில் காட்சிக்கு வைத்தார். அதே 1840இல், அதே லண்டனில், இந்தியாவை எழுதிய தாமஸ் டேனியல் தொண்ணூறைத் தாண்டிய கிழவராகக் கண்மூடினார். வில்லியம் அதற்கு மூன்றாண்டு முன்பே போய்விட்டார்.

* * *

தெற்கே திரும்பிய பல்லக்கு

நாம் இன்னும் 1792இல்தான் இருக்கிறோம். ஓசூரிலிருந்து திரும்பிய ஊர்வலம் சங்ககிரி மலையையும் பார்த்துவிட்டுத் திருச்சிக்கு வந்தது. காவிரிக்கரையிலிருந்து உச்சிப்பிள்ளையார் பாறையை எழுதினார்கள். 1751இல் வால்கொண்டாவிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த அதே பாறை.

திருச்சியிலிருந்து மதுரை. நாயக்கர் மகாலின் இடிந்த தூண்களுக்கிடையே நாள்கணக்கில் பலகையை விரித்தார்கள். இதுவரை எல்லாம் கும்பினியின் கை எட்டுகிற ஊர்கள். இனி அப்படி இல்லை. அவர்கள் போக நினைத்தது பாபநாசம் அருவிக்கு, களக்காட்டுப் பக்கம், குமரிமுனை வரைக்கும். நடுவே கிடந்தது பாளையக்காரர்களின் சீமை.

அங்கேதான் சிக்கல். ஜூலை 12ஆம் தேதி காரன்வாலிசும் நவாப் முகமது அலியும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். நாற்பத்தோரு ஆண்டுக்கு முன் ரஞ்சன்குடியில் தோற்ற தரப்பின் தலைவர் அதே முகமது அலிதான். கடனில் மூழ்கிய கிழவராகிவிட்டிருந்தார். இனிமேல் பாளையக்காரர்களின் பேஷ்குஷ் கப்பத்தைக் கும்பினியே நேராக வசூலிக்கும் என்பது ஒப்பந்தம். பாஞ்சாலங்குறிச்சியில் வீரபாண்டிய கட்டபொம்மன் பட்டத்துக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாராமகாலில் போர் முடிந்த தூசிக்குள் நடந்தார்கள். இங்கே போர் இன்னும் தொடங்கவில்லை. கப்பம் கேட்டு வெள்ளைக்காரன் வரப்போகிறான் என்ற செய்தி ஊருக்கு ஊர் பரவுகிற அதே பருவத்தில், கறுப்புத் துணி போர்த்திய பெட்டியோடு இரண்டு வெள்ளைக்காரர்கள் பல்லக்கில் வந்து இறங்கி, மலையையும் கோட்டையையும் உற்றுப் பார்த்துத் தாளில் கோடு இழுத்தால், பார்க்கிறவர்கள் அவர்களை யார் என்று நினைப்பார்கள்?

(தொடரும்)